நிக்காஹ் வக்கீலும் கோர்ட்டு வக்கீலும்

நம் இல்லங்களில் நிக்காஹ் மஜ்லிஸ் கூடும்போது, மணமகளிடம் சம்மதம் கேட்டு வர ஒருவர் இரு சாட்சிகளுடன் உள்ளே போவார். பெரும்பாலும் தாய்மாமனோ, பெரிய தகப்பனாரோ, குடும்பத்திற்கு வேண்டிய பெரியவர் ஒருவரோ அப்பொறுப்பை ஏற்பார். அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். பெண்ணின் சார்பில் பேச அவளால் அதிகாரம் அளிக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். அவர் கூலி கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும்.

அதே பெண், பத்து ஆண்டுகள் கழித்து, கணவன் சோறு போடாமல் கைவிட்டுப் போய்விட்ட நிலையில் தனக்காகப் பேச ஒருவரைத் தேடிப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் பெயர் வக்கீல்தான். ஆனால் அவரை எங்கே தேடுவது, யார் நல்லவர், எவ்வளவு கேட்பார், அதை எதை விற்றுக் கொடுப்பது என்பவை அவளுடைய முதற் கேள்விகள். ஒரே சொல்லின் இரு முகங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீதிமன்றத் தமிழில் பாதி அரபுத் தமிழ் என்றால் மிகையாகாது. வக்கீல், வக்காலத்து, முன்சீப், தாவா, ஜாமீன், ஜப்தி, அசல், நகல், வாயிதா, வசூல் ஆகிய அனைத்தும் அரபு மூலத்திலிருந்து பாரசீக, இந்துஸ்தானி வழியே நம் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தவை. சொற்கள் நம்முடையவையாக இருந்தும், அச்சொற்கள் ஆளும் இடத்திற்கு நம் பெண்கள் அந்நியராகவே நெடுங்காலம் இருந்தனர்.

இஸ்லாத்தின் தொடக்கக் காலத்தில் நிலைமை அவ்வாறில்லை. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் தாமே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்து, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ தமக்குக் குறை கூற ஒன்றுமில்லை, ஆயினும் அவருடன் வாழ இயலாது என்று முறையிட்டார்கள். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருகிறாயா என்று கேட்கப்பட்டது. இசைந்தார்கள். பிரிவினை அங்கேயே முடிந்தது. 'குல்உ' என்னும் முறைக்கு ஆதாரமாக எல்லா மத்ஹபு நூல்களும் காட்டும் நிகழ்ச்சி இதுவே. இதில் வக்கீலும் இல்லை, வாயிதாவும் இல்லை. நீதி வழங்குபவரின் வாசல் வரை ஒரு பெண் நேரே நடந்து வர முடிந்தது என்பதே இதில் பெரிய செய்தி.

வழக்காடப் பிரதிநிதியை நியமித்துக்கொள்ளும் வழக்கமும் அன்றே இருந்தது. ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் வழக்குமன்றத்திற்குத் தாமே செல்வதை விரும்பாது தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அன்னாருக்கு முதுமை வந்தபின் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களையும் வக்கீலாக அமர்த்தினார்கள் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், எதிராளியின் இசைவின்றி வழக்கில் வக்கீலை நிறுத்துவது எதிராளியைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். நோயாளிக்கும் தொலைதூரத்தில் இருப்பவருக்கும் மட்டும் விலக்கு உண்டு. அன்னாரின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகியோர் இந்நிபந்தனை வேண்டியதில்லை என்றனர். பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் இன்னொரு விலக்கையும் சேர்த்தார்கள்: வெளியே வந்து பழகாத, திரைக்குள் வாழும் பெண், எதிராளி ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் வக்கீலை நிறுத்தலாம். பெண்ணுக்கு வக்கீல் தேவைப்படும் என்பதை நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். அந்த வக்கீலுக்குக் கூலி கொடுப்பது யார் என்ற கேள்வியோ கும்பினியார் காலத்தில்தான் முழு உருவம் பெற்றது.

1793ஆம் ஆண்டில் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் இயற்றிய ஏழாம் ரெகுலேஷன், கும்பினி நீதிமன்றங்களில் வாதாடுவோரை முதன்முறையாகப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தியது. இந்துக்களும் முஸ்லிம்களும் மட்டுமே அன்று வக்கீலாகலாம். கல்கத்தா மதரஸாவிலும் காசி சமஸ்கிருதக் கல்லூரியிலும் பயின்றோருக்கு முதலிடம் தரப்பட்டது. தாவாவின் மதிப்பைக் கொண்டு கட்டணமும் வரையறுக்கப்பட்டது. சென்னை மாகாணத்திலும் பின்னர் இவ்வகை ரெகுலேஷன்கள் வந்தன. கட்டணம் சட்டத்தால் கட்டப்பட்டிருந்த அந்த ஐம்பதாண்டுகளில் கட்சிக்காரன் ஏமாறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இவ்வளவுதான் என்று சுட்டிக்காட்ட அவனிடம் ஓர் அளவுகோல் இருந்தது. 1846ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் அதை மாற்றியது. எம்மதத்தவரும் எந்நாட்டவரும் வக்கீலாகலாம் என்று கதவைத் திறந்த அதே சட்டம், கட்டணத்தை வக்கீலும் கட்சிக்காரரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றும் விட்டது. பேரம் அன்று தொடங்கியது. பேரம் என்றால் வலியவன் கை ஓங்கும். எழுதப் படிக்கத் தெரியாத, கச்சேரி வாசலை மிதித்தறியாத ஒரு பெண் அந்தப் பேரத்தில் எந்தப் பக்கம் இருப்பாள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே காஜிகளின் நிலையும் தாழ்ந்து வந்தது. கும்பினி நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்டத்தை எடுத்துரைக்க காஜியும் முஃப்தியும் அமர்ந்திருந்த காலம் 1864ஆம் ஆண்டின் பதினோராம் சட்டத்தோடு முடிந்தது. அச்சட்டம் அவர்களின் நியமனத்தையே ஒழித்தது. நிக்காஹ் நடத்திவைக்கவும் அரசாங்க நியமனம் பெற்ற காஜி இல்லையென்ற குறை எழுந்தது. சென்னை மாகாணத்து முஸ்லிம்களே இதில் அதிகம் முறையிட்டனர். அதன் பயனாக 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் வந்தது. அம்மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் ஸர் ஸையித் அஹ்மது கான் அவர்கள். முதற்கண் அது நடைமுறைக்கு வந்ததும் சென்னை மாகாணத்தில்தான். ஆனால் அதன் நாலாம் பிரிவைப் படிப்போர் பெருமூச்சு விடுவர். இச்சட்டத்தின்கீழ் நியமனம் பெறும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ எதுவும் கிடையாது என்று அது திட்டமாகக் கூறுகிறது. நிக்காஹை எழுதிக்கொள்ளக் காஜி உண்டு, அதை அவிழ்க்க அவருக்கு அதிகாரமில்லை.

கணவனுக்கு இதனால் யாதொரு இடரும் நேரவில்லை. தலாக் சொல்ல அவனுக்குக் கோர்ட்டு வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். மனைவிக்கோ மூன்றும் வேண்டும். குல்உ பெறக் கணவனின் இசைவு வேண்டும். அவன் இசையாவிட்டால், அல்லது இருக்குமிடமே தெரியாவிட்டால், 'பஸ்கு' செய்து வைக்கும் காஜி வேண்டும். அந்தக் காஜியிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள முன்சீப் கோர்ட்டிலோ ஹனஃபீ சட்டத்தில் அதற்கு வழியில்லை என்று கூறப்பட்டது. காணாமற்போன கணவனின் மனைவி, அவனுடைய ஒத்த வயதினர் யாவரும் மறையும் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபின் பழைய கருத்து. தொண்ணூறு வயதைக் கணக்கிட்டுச் சொன்னவர்களும் உண்டு. சோறு துணி தராததற்காகப் பஸ்கு செய்ய அம்மத்ஹபில் இடமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் பயிலும் ஷாஃபிஈ மத்ஹபு இவ்விடத்தில் தளர்வுடையது. சீவனாம்சம் தர இயலாத கணவனுக்குக் காஜி மூன்று நாள் தவணை கொடுத்துப் பின் பஸ்கு செய்யலாம். உள்நாட்டு ஊர்களில் வாழும் ஹனஃபீ குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லை. பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஆண்கள் நிறைந்த சமுதாயம் நம்முடையது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வடநாட்டில், குறிப்பாகப் பஞ்சாபில், இந்த நெருக்கடி ஓர் அவலமான வழியைத் திறந்துவிட்டது. மதம் மாறினால் நிக்காஹ் முறிந்துவிடும் என்ற பழைய சட்டக் கருத்தை அறிந்த சில பெண்கள், கணவனிடமிருந்து விடுபடுவதற்காகவே இஸ்லாத்தைத் துறந்ததாகக் கோர்ட்டில் சொல்லத் தொடங்கினர். அல்லாமா இக்பால் அவர்கள் தம் சொற்பொழிவொன்றில் இதைச் சுட்டி வருந்தியிருக்கிறார்கள். ஒரு பெண் ஈமானை விலையாகக் கொடுத்து விடுதலையை வாங்க வேண்டியிருந்தது என்றால், வக்கீல் கூலியெல்லாம் அதன் முன் எம்மாத்திரம்!

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்களை இவ்வேதனை உலுக்கியது. 1930களின் தொடக்கத்தில் அன்னார் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலை வெளியிட்டார்கள். ஹிஜாஸிலிருந்த மாலிகீ உலமாக்களிடம் ஃபத்வாக்கள் தருவித்து, அவற்றின் துணைகொண்டு, காணாமற்போனவனின் மனைவிக்கும் கைவிடப்பட்ட மனைவிக்கும் வழி காட்டினார்கள். மாலிகீ மத்ஹபின்படி நான்காண்டு காத்திருப்பு, அதன்பின் இத்தா, அதன்பின் மறுமணம். முஸ்லிம் நீதிபதி இல்லாத ஊரில் என்ன செய்வது? குறைந்தது மூவர் அடங்கிய, மார்க்கப் பேணுதலுள்ள முஸ்லிம்களின் குழு ஒன்று விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக அன்னார் எடுத்துக்காட்டிய எளிய வழி ஒன்றுண்டு: 'தஃப்வீள்'. அதாவது, இன்னின்ன நிலை நேர்ந்தால் தன்னைத்தானே தலாக் செய்துகொள்ளும் உரிமையை நிக்காஹின்போதே கணவன் மனைவிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. ஹனஃபீ சட்டத்தில் இதற்குத் தடையேதும் இல்லை.

1936இல் காஜி முஹம்மது அஹ்மது காஸிமி அவர்கள் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதா, மூன்றாண்டு விவாதத்திற்குப் பின் 1939ஆம் ஆண்டின் எட்டாம் சட்டமாயிற்று. முஸ்லிம் மணவிலக்குச் சட்டம் என்று நாம் கூறுவது அதையே. இடையில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, மனைவியின் மனுவின்மேல் மணவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஜில்லா நீதிபதிக்குக் கொடுத்திருந்தது. புதிய சட்டம் வந்ததும் அது நீக்கப்பட்டது. நான்காண்டு கணவன் இருப்பிடம் தெரியாமை, ஈராண்டு சீவனாம்சம் தராமை, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, தக்க காரணமின்றி மூன்றாண்டு இல்லறக் கடமை செய்யாமை, ஆண்மையின்மை, ஈராண்டுச் சித்தப்பிரமை, கொடுமை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. பட்டியலில் இருந்த தொழுநோய் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. மதம் மாறுவதால் மட்டும் நிக்காஹ் முறியாது என்று நாலாம் பிரிவு அந்தப் பஞ்சாப் அவலத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் கோரிய விதி மட்டும் நிறைவேறவில்லை. மௌலானா சொன்ன மூவர் குழு சட்டத்தில் இடம்பெறவில்லை. வழி ஒன்றுதான்: உரிமையியல் நீதிமன்றம். அங்கே போக வக்கீல் வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது, கூலி எங்கிருந்து வரும்? இந்து திருமணச் சட்டத்தில் 24ஆம் பிரிவு உண்டு. வழக்குச் செலவுக்கு வழியில்லாத மனைவிக்கு, வழக்கு நடக்கும்போதே அச்செலவைக் கணவன் தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டத்தில் 36ஆம் பிரிவு அவ்வாறே. பார்சிகளுக்கும் உண்டு. நம்முடைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலோ இப்படியொரு பிரிவே இல்லை. அதை வரைந்தவர்கள் பெண்ணின் துயரத்தை உணர்ந்தவர்கள்தாம். ஆயினும் அவளுடைய மடியில் காசு இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டார்கள். என் கருத்தில் அச்சட்டத்தின் பெருங்குறை இதுவே. அதைக் குறித்து நம் மேடைகளில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் மஹல்லாவில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கைக்குழந்தையுடன் தாய்வீடு திரும்பிய ஒரு சாச்சி இருந்தார்கள். கணவர் கொழும்பில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். ஜமாஅத்தார் இரண்டு கடிதம் எழுதினர், பதில் இல்லை. தாலுக்கா கோர்ட்டு வாசலில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் விசாரித்தார் சாச்சியின் வாப்பா. அங்கிருந்தே ஒரு தரகன் ஒட்டிக்கொண்டான். வக்கீலுக்கு இவ்வளவு, குமாஸ்தாவுக்கு இவ்வளவு, சம்மன் சார்வு செய்ய இவ்வளவு என்று கேட்டுக் கேட்டுச் சாச்சியின் அலுக்கத்தும் வளையலும் போயின. மூன்றாம் ஆண்டில் பாக்கிப் பணம் தரும்வரை கட்டைத் தரமாட்டேன் என்று அந்த வக்கீல் சொல்லிவிட்டார். நிக்காஹ் பதிவின் அசல் அந்தக் கட்டுக்குள் இருந்தது. வேறு வக்கீலிடமும் போக முடியவில்லை. வழக்கு ஆஜராகாமையால் தள்ளுபடியாயிற்று. அப்போது சாச்சிக்கு வயது இருபத்தாறு.

இந்தத் தரகர்கள் புதியவர்களல்லர். 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டத்தில் 36ஆம் பிரிவு இவர்களுக்காகவே இருந்தது. கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, அதை ஒவ்வொரு நீதிமன்றத்திலும் தொங்கவிட வேண்டும் என்று அது கூறியது. அப்பழைய சட்டம் நீக்கப்பட்டபோதும், 2023ஆம் ஆண்டின் திருத்தம் அதே விதியை வழக்கறிஞர்கள் சட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தது. நூற்றாண்டு கடந்தும் தேவைப்படுகிறதென்றால் நோய் எவ்வளவு பழையது! இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளலாகாது என்பது தொழில் விதி. 2008இல் பெயர், முகவரி, பதிவு எண், எவ்வகை வழக்கு நடத்துபவர் என்பன போன்ற சில விவரங்களை மட்டும் இணையத்தில் வெளியிட இசைவு தரப்பட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியே ஆள் பிடிப்பதைக் கடிந்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. தொழிலின் மாண்பைக் காக்க இவ்விதி நல்லதே. ஆனால் நேர்மையான வக்கீல் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க, தரகன் மட்டும் வாய் திறந்து பேசுகிறான் என்பதும் மெய்.

கட்டைப் பிடித்து வைத்துக்கொண்ட விஷயத்திற்கு விடை 2000ஆம் ஆண்டில் வந்தது. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைத் தடுத்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை, அவ்வாறு செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியே வழக்குப் போடலாம். அந்த உரிமை வழக்கறிஞருக்கு 1926ஆம் ஆண்டின் கட்டணச் சட்டத்திலேயே உண்டு. வெற்றி பெற்றால் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதையும் தொழில் விதிகள் தடுக்கின்றன. மஹர் பாக்கியை வசூலித்துத் தந்தால் பாதி எனக்கு என்று ஒருவர் கேட்டால், அவர் விதியை மீறுகிறார்.

ஏழைகளுக்குப் பழைய சட்டத்திலும் ஒரு சிறு வாசல் இருந்தது. 'பாப்பர் தாவா' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். உடுத்த துணியும் தாவாச் சொத்தும் தவிர நூறு ரூபாய் பெறும் உடைமை இல்லாதவர், கோர்ட்டுக் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம் என்று 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் கூறியது. ஒரு பெண், தான் 'பாப்பர்' என்று கச்சேரியில் நிரூபிக்க வேண்டும். எதிர்க்கட்சி அவள் காதிலிருந்த தோட்டைச் சுட்டிக்காட்டி மறுக்கும். இந்த மானக்கேட்டுக்கு அஞ்சியே பலர் அந்த வாசலுக்குப் போகவில்லை. மேலும் அது கோர்ட்டுக் கட்டணத்தைத்தான் தள்ளியதே அன்றி வக்கீல் கூலியைத் தரவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 'பாப்பர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, வரம்பை ஆயிரம் ரூபாயாக்கி, வக்கீல் இல்லாத ஏழைக்கு நீதிமன்றமே ஒரு வக்கீலை அமர்த்தலாம் என்ற 9ஏ விதியைச் சேர்த்தது.

பர்தாப் பெண்களுக்கு வேறொரு இடர். ஊர் வழக்கப்படி வெளியே வராத பெண்ணை நேரில் ஆஜராகக் கட்டாயப்படுத்தலாகாது என்று அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு கூறும். ஹனஃபீ அறிஞர்கள் சொன்ன விலக்கின் நிழல் இதில் தெரிகிறதன்றோ? எனினும் திரைக்குப் பின்னிருந்து ஆண் வக்கீலிடம் தன் இல்லறத் துன்பத்தை எந்தப் பெண் முழுவதும் சொல்வாள்? வாப்பா சொல்லுவார், காக்கா சொல்லுவார். சொல்லவேண்டியது சொல்லாமலே போகும். கர்னீலியா ஸொராப்ஜி அம்மையார் 1904 முதல் வங்காளத்தில் பர்தாப் பெண்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க அரசாங்கத்தால் அமர்த்தப்பட்டது இக்குறையை நீக்கத்தான். பெண்கள் வக்கீலாகலாம் என்ற சட்டமோ 1923இல்தான் வந்தது. நம் சமுதாயம் நீதிபதிகளைத் தராமல் இல்லை. பஷீர் அஹ்மது ஸயீத் அவர்கள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தார்கள். நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் அதன் தலைமை நீதிபதியாகவே உயர்ந்தார்கள். ஆனால் தாலுக்கா கோர்ட்டில் நம் பெண்ணொருத்தியின் பேச்சைக் கேட்க நம் பெண் வக்கீல் ஒருவர் இருந்தாரா என்றால், பல ஊர்களில் அந்த நாற்காலி நெடுங்காலம் காலியாகவே கிடந்தது.

நிற்க. ஏழைக்குச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்ற எண்ணம் 1970களில் வலுப்பெற்றது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த குழு 1973இல் அறிக்கை தந்தது. இதே கிருஷ்ணய்யர்தாம் 1970இல் கேரள உயர்நீதிமன்றத்தில், மனைவி மேல் குறை இருந்தாலும் ஈராண்டு சீவனாம்சம் தரப்படவில்லை என்றால் 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி அவளுக்கு மணவிலக்கு உண்டு என்று தீர்ப்பளித்தவர். 1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு ஒன்றை நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, பெண்களுக்கு அந்த வரம்பே இல்லை. செல்வர் வீட்டுப் பெண்ணாயினும் இலவச வக்கீலுக்கு அவள் உரியவள். தன் பெயரில் சொத்தில்லாத பெண், செல்வர் வீட்டிலும் ஏழைதான் என்ற உண்மையைச் சட்டம் கண்டுகொண்டது. தாலுக்கா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். அவ்வாறு அமர்த்தப்படும் வழக்கறிஞர் அப்பெண்ணிடம் பணம் கேட்கலாகாது.

வழக்குச் செலவு குறித்த குறையும் வேறு வழியில் ஓரளவு நிறைந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் 2001இல் செய்த திருத்தம், சீவனாம்ச வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகையும் வழக்குச் செலவும் வழங்க இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாயிற்று. விலக்கப்பட்ட முஸ்லிம் பெண்ணும் 125இன்கீழ் கேட்கலாம் என்று அதே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஷா பானு வழக்கின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் எழுப்பிய புழுதியை நாம் மறக்கவில்லை. அதைப்பற்றி இவ்வேடுகளில் போதுமான அளவு எழுதியாயிற்று.

வக்கீலே வேண்டாமென்றால் என்ன? 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் அதை முயன்று பார்த்தது. வக்கீல் மூலம் வழக்காடுவது உரிமையாகாது என்று அதன் 13ஆம் பிரிவு கூறும். நீதிமன்றம் இசைந்தால் வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இசைவு எளிதாகவே கிடைக்கிறது. இலங்கையில் நம்மவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, காதி நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராவதற்கு இடம் தரவில்லை. செலவு குறையும், சண்டை வளராது என்பது கருத்து. கேட்க இனிமைதான். ஆனால் காதி ஆணாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். காதியும் ஆண், எதிரே கணவனும் அவன் சுற்றமும் ஆண்கள், நடுவே வக்கீலற்ற ஒரு பெண். வக்கீல் கூலி மிச்சமானதால் அவள் இலாபமடைந்தாளா என்பதை அங்குள்ள பெண்கள்தாம் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் சீர்திருத்தம் கேட்டுப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் ஜமாஅத்தும் ஷரீஅத் கவுன்ஸிலும் அந்த மலிவான, அருகிலுள்ள வாசலாக இருந்து வந்தன. காஜி தரும் தலாக் சான்றிதழ் கருத்துரை மட்டுமே, நீதிமன்ற நடவடிக்கைகளுக்குச் சான்றாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் இடைக்கால உத்தரவிட்டது. அவ்வழக்கைத் தொடுத்தவர் வழக்கறிஞர் பதர் ஸயீத் அவர்கள். 2023இல் அதே நீதிமன்றம், ஷரீஅத் கவுன்ஸில் வழங்கும் குலா சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்றது. 2021இல் கேரள உயர்நீதிமன்றமோ, நீதிமன்றத்திற்கு வெளியே குலா பெறும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு என்று தீர்த்திருந்தது. செங்கோட்டைக்கு இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் ஒரு சட்டம். தீர்ப்புகளின் நியாயத்தை உலமாக்களும் வழக்கறிஞர்களும் பேசட்டும். நடைமுறை விளைவு இது: ஜமாஅத்தின் கடிதத்தை நம்பி மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண், பாஸ்போர்ட்டுக்கோ பிள்ளையின் பள்ளிச் சான்றுக்கோ போகும்போது மீண்டும் வக்கீலைத் தேட வேண்டியவளாகிறாள். ஜமாஅத்தார் கையெழுத்திட்டு முத்திரை குத்துவதோடு நின்றுவிடாமல், அவளைச் சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் சென்று குடும்ப நீதிமன்ற ஆணையும் பெற்றுத் தருவார்களேயானால், அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதைவிடவும் செலவற்றது மௌலானா தானவி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டிய தஃப்வீள். பாகிஸ்தானிலும் வங்காள தேசத்திலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த நிக்காஹ் படிவத்தில், தலாக் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்துள்ளானா என்று கேட்கும் பதினெட்டாம் கட்டம் அச்சிலேயே இருக்கிறது. அதைக் கோடிட்டு அடித்துவிடும் காஜிகளும் அங்கே உண்டு என்பது வேறு.

அண்மையில் ஒரு நிக்காஹுக்காக எங்கள் மஹல்லாவின் தஃப்தரைப் புரட்ட நேர்ந்தது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மஹர் தொகை, ரொக்கமா கடனா, வலீ, வக்கீல், சாட்சி இருவர், நிக்காஹ் ஓதியவர் என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. பழைய பக்கமொன்றில் சாச்சியின் நிக்காஹும் இருந்தது. வக்கீல் என்ற கட்டத்தில் என் பாட்டனாரின் கையெழுத்து. அதற்குப் பிறகு கட்டம் ஒன்றும் இல்லை. பக்கத்தின் அடியில் நான்கு விரற்கடை இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.